சுண்டு விரலில் செமிகோலன்

எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவளுக்கு அப்போது ஒன்பது வயது. குருதட்சிணை, பாடத்துக்கு ஒரு குல்ஃபி. முதல் நாள் என் விரல்கள் கீபோர்டில் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்ததைப் பார்த்து, "தாத்தா, நீங்க கீழ பாக்காமலே அடிக்கிறீங்க!" என்று வாயைப் பிளந்தாள். அறுபது வயதில் ஒரு மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இப்ப மவுஸப் பிடிங்க" என்றாள். பிடித்தேன். அம்புக்குறி திரையின் ஓரத்துக்கு ஓடி எங்கோ மறைந்தது. நான் மவுஸைத் தூக்கி, கோழிக்குஞ்சைப் பார்ப்பதுபோல அதன் அடிவயிற்றைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது 2011. அந்த ஏப்ரலில்தான் கோத்ரெஜ் டைப்ரைட்டர் செய்வதை நிறுத்திவிட்டது என்று செய்தி வந்தது. 1955லிருந்து செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து நானும் மத்திய சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். டைப்ரைட்டருக்கு உலகப் பத்திரிகைகளெல்லாம் இரங்கல் எழுதின. எனக்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், ஆறிப்போன சமோசா.

தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து தில்லிக்கு மூன்று சரக்கு ஏற்றுமதியாகும் என்று அந்தக் காலத்தில் கேலி செய்வோம்: காபிப்பொடி, அப்பளம், ஸ்டெனோ. நான் மூன்றாவது வகை. கும்பகோணத்தில் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. ஒரு மாதம் இதைத் தவிர வேறு மந்திரம் கிடையாது. வலது சுண்டு விரலுக்குச் செமிகோலன்தான் சொந்த வீடு. எங்கே போனாலும் அங்கே திரும்பி வந்துவிட வேண்டும். குனிந்து விசையைப் பார்த்தால் மாஸ்டரின் ஸ்கேல் முட்டியில் விழும். நிமிஷத்துக்கு 30 வார்த்தை லோயர், 45 ஹையர்.

அந்த ரெமிங்டனில் 'ஒன்று' கிடையாது. பழைய மெஷின்கள் பலவற்றில் அப்படித்தான். ஒரு விசையை மிச்சம் பிடிப்பதற்காக, சின்ன 'எல்'லையே ஒன்றாக அடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். எங்கள் இன்ஸ்டிட்யூட் மெஷின் இன்னும் சிக்கனம். பூஜ்யமும் கிடையாது, பெரிய 'ஓ'தான். நான் சந்தேகம் கேட்டபோது மாஸ்டர் காகிதத்தை உருவி என் மூக்குக்கு நேரே காட்டினார். "பார்த்தா வித்தியாசம் தெரியறதா? தெரியலையோன்னோ? அப்புறம் என்னடா?"

1971ல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வந்து, கரோல்பாகில் மொட்டைமாடிப் பர்ஸாத்தி ஒன்றில் நாலாவது ஆளாகச் சேர்ந்தேன். மே மாதத்தில் அந்த அறையில் அப்பளத்தை வெறுமனே காட்டினாலே பொரிந்துவிடும். ஆபீஸில் எனக்கு ஒரு மெஷின், ஆறு கார்பன், கோட்டயத்துக்காரர் ஒருவர் ஜோடி. எதை அடித்தாலும் 'கம்பேர்' செய்தாக வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் அடித்த தாளில் விரல் வைத்துக்கொண்டே போவார். "இன் திஸ் கனெக்‌ஷன் கமா ஐ ஆம் டைரக்டட்..." என்று நிறுத்தற்குறி உட்பட வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சில நாள் வீட்டுக்கு வந்து பேசும்போதுகூட எனக்குக் கமா வந்துவிடும். தன் தாளைத் தானே கம்பேர் செய்யக் கூடாது என்பது விதி; தன் தப்பு தன் கண்ணில் படாதாம். நானும் அவரும் அப்படிப் பதினெட்டு வருஷம் ஒருவர் தப்பை ஒருவர் பிடித்தோம். பெண்டாட்டியிடம்கூட அவ்வளவு திருத்தம் வாங்கியதில்லை என்று எழுத நினைத்தேன்; இதை அவளும் படிப்பாள் என்பதால் விடுகிறேன்.

தில்லியில் தமிழனும் தமிழனும் சந்திக்க இடங்கள் இல்லாமலில்லை. தமிழ்ச் சங்கம் 1946லிருந்தே இருக்கிறது. மலை மந்திர் முருகனுக்கு 1973ல் கும்பாபிஷேகம் ஆயிற்று. ஆனால் நிஜமான சந்திப்பு நடந்தது க்யூவில். விடியற்காலை நாலரை மணிக்கு டி.எம்.எஸ். பால் பூத்தின் முன்னால் செங்கல், காலி பாட்டில், கிழிந்த கூடை என்று ஆளுக்கொரு பிரதிநிதி வரிசையில் நிற்கும். ஆட்கள் ஓரமாக நின்று மெட்ராஸ் அரசியல் பேசுவார்கள். ஊருக்குப் போக ரிசர்வேஷன் என்றால் முதல் நாள் ராத்திரியே போர்வையும் தயிர்சாதமுமாகப் போய்ப் படுக்க வேண்டும். என் தங்கைக்கு வரன் அகப்பட்டது அப்படி ஒரு ராத்திரியில்தான். மாப்பிள்ளை எனக்கு முன்னால் மூன்றாவது ஆள். ராத்திரி முழுக்கக் குறட்டை விடவில்லை. அது ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது. 1985-86ல் புது தில்லியில் ரயில்வே கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் வந்தது. எந்தக் கவுண்டரில் வேண்டுமானாலும் எந்த வண்டிக்கும் டிக்கெட். க்யூ பாதியாகச் சுருங்கிற்று. கடைசித் தங்கைக்குப் பேப்பரில் விளம்பரம் கொடுத்து மாப்பிள்ளை தேட வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் என்ற வஸ்துவை அதற்கு முன்னால் நாங்கள் அறிந்ததெல்லாம் சுஜாதா தயவில். தில்லியிலிருந்து 1965ல் கிளம்பிய கணையாழியில் கடைசிப் பக்கங்கள் அவருடையவை. பர்ஸாத்தியில் நாலு பேருக்கு ஒரு பிரதி. படித்த சூட்டில் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். நாலு பேரில் ஒருவர் வங்கிக் குமாஸ்தா. அவர் மட்டும் புரிந்தவுடன் பயந்தார். எண்பதுகளில் பார்லிமெண்ட் ஸ்ட்ரீட்டில் மதிய இடைவேளையில் நின்று 'கம்ப்யூட்டர் முர்தாபாத்' என்று அவர் போட்ட கோஷம் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். அவர் ஒருவர் மட்டுமில்லை. நாட்டில் வங்கிச் சங்கங்களே எதிர்த்தன. 1983ல் ஒப்பந்தம் ஆனபோதும் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் தொண்டையில் சிக்கியது போலும். கிளைகளுக்கு வந்த மெஷினுக்கு 'லெட்ஜர் போஸ்டிங் மெஷின்' என்று பெயர். பெண் பார்க்க வந்ததை 'சும்மா இந்தப் பக்கம் வந்தோம்' என்று சொல்வது மாதிரி.

எங்கள் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது கர்ப்பக்கிருகத்தோடு. கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஏன் என்று கேட்டதற்குத் தூசி ஆகாது என்றார்கள். நாற்பது வருஷக் கோப்புத் தூசியை மூக்கால் உறிஞ்சியவர்களைப் பற்றி யாரும் அப்படி யோசித்ததில்லை. ஆயுதபூஜைக்குப் போனால் மானிட்டருக்கு நெற்றியில் சந்தனம், குங்குமம். பூஜை முடிந்ததும் பூப்போட்ட உறை. இன்றைக்கு அதைவிடப் பல மடங்கு சக்தியுள்ள சமாசாரத்தை நான் லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு கழிப்பறைக்குப் போகிறேன்.

1999 ஜனவரி 26. ராஜ்பாத்தில் டாங்கிகள் போய்க்கொண்டிருந்த அந்தக் குடியரசு நாளில், கால்காஜியில் என்.ஐ.ஐ.டி. அலுவலக மதிலில் ஓட்டை போட்டு ஒரு கம்ப்யூட்டரைப் பதித்துவைத்தார் சுகதா மித்ரா. மதிலுக்கு அந்தப் பக்கம் குடிசைகள். வாத்தியார் இல்லை, பாடம் இல்லை, இங்கிலீஷும் தெரியாது. குழந்தைகள் தாங்களே நோண்டி, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுத்து, இன்டர்நெட்டில் மேய ஆரம்பித்துவிட்டார்கள். உலகமே வந்து பார்த்தது. நான் அதே கால்காஜியில் டி.டி.ஏ. ஃப்ளாட்டில் இருந்தேன், போய்ப் பார்க்கவில்லை. அந்த வருஷம் எங்களையும் ஐந்து நாள் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நாலு நாள் அதன் வரலாறு. ஐந்தாம் நாள் தொட்டுப் பார்க்கலாம் என்றார்கள், அன்று கரண்ட் இல்லை. சர்டிஃபிகேட் மட்டும் கொடுத்தார்கள், டைப்ரைட்டரில் அடித்தது.

மித்ரா பிற்பாடு இங்கிலாந்தில் நியூகாஸில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2009ல் அங்கே பத்திரிகை மூலம் கேட்டுக்கொண்டதும், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் உட்படப் பலர் முன்வந்து ஸ்கைப் வழியாக இந்தியக் குழந்தைகளுக்குக் கதை படித்தார்கள். 'பாட்டி மேகம்' என்று அதற்குப் பெயராகிவிட்டது. அவர் சொன்ன பாட்டி முறை ரொம்ப எளிது. பாட்டிக்குப் பாடம் தெரிய வேண்டாம், பின்னால் நின்று "அடேயப்பா, இதை எப்படிப் பண்ணினே?" என்று ஆச்சரியப்பட்டால் போதும், குழந்தை தானே கற்றுக்கொள்ளும். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. நான் ஒரு ஃபைலைத் திறந்துவிட்டால் பேத்தி பின்னால் நின்று கைதட்டுவாள்.

கற்பதைவிட மறப்பதுதான் கஷ்டமாக இருந்தது. டைப்ரைட்டரில் வரி முடியப்போகிறது என்றால் மணி அடிக்கும். இடது கை தானே எழும்பி, நெம்புகோலைப் பிடித்து வண்டியை வலப்பக்கம் தள்ளும். நாற்பது வருஷப் பழக்கம். லேப்டாப்பில் மணியும் கிடையாது, வண்டியும் கிடையாது. ஆனால் அறுபது அறுபத்தைந்து எழுத்து ஆனதும் என் இடது கை எழும்பிக் காற்றைத் தள்ளிவிட்டு வரும். ஒரு சாயங்காலம் காற்றுக்குப் பதில் காபி டம்ளர் இருந்தது. மகன் புது கீபோர்டு வாங்கப் பக்கத்து நேரு பிளேஸுக்குப் போனான். "அப்பா, வரி தானே மடங்கிக்கும், நீங்க தள்ள வேண்டாம்" என்றான். வரி தானே மடங்குகிறது என்றால் பிறகு ஸ்டெனோ எதற்கு என்று கேட்க வந்தது. கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் ஒரு படிவம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பென்ஷன் எண்ணைக் கேட்டது, அடித்தேன். 'தவறான எண்' என்றது. திரும்ப அடித்தேன். மூன்றாம் முறை என்னை இருபத்து நாலு மணி நேரத்துக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. அடுத்த நாளும் அதே கதை. புத்தகத்தையும் திரையையும் விரல் வைத்துக் கம்பேர் செய்தேன், அட்சரம் பிசகவில்லை. பேத்தி வந்தாள், மூக்கைத் திரையில் ஒட்டினாள். "தாத்தா, இது ஒன் இல்ல. எல்."

"பார்த்தா வித்தியாசம் தெரியறதா?" என்றேன்.

"கம்ப்யூட்டருக்குத் தெரியும் தாத்தா."

மாஸ்டர் இதைக் கேட்க உயிரோடு இல்லை.

சர்க்கார் எங்கள் மாதிரி ஆட்களை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது, சரியான வயதில் நிறுத்திக்கொண்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். 2017ல் டிஜிட்டல் எழுத்தறிவுக்கென்று பெரிய திட்டம் வந்தது. ஆறு கோடி கிராமக் குடும்பங்கள், வீட்டுக்கு ஒருவர். தகுதி வயது 14 முதல் 60 வரை. தில்லிக்காரனான எனக்கு எப்படியும் கிடையாது, சரி. ஆனால் ஊரில் இருக்கும் என் அண்ணாவுக்கும் கிடையாது. அறுபதுக்கு மேல் எழுத்தறிவு ஏறாது என்று எந்தக் கமிட்டி கண்டுபிடித்ததோ.

ஆகவே நாங்களே கற்றோம். கோஷம் போட்ட வங்கிக்காரர் இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின். பெயரே அட்மின் சார் என்றாகிவிட்டது. ஜனக்புரி, முனிர்கா, மயூர் விஹார் என்று சிதறிக் கிடந்த பழைய க்யூ முகங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. சேர்ந்த புதிதில் ஷிஃப்ட்-லாக் பழக்கத்தில் நான் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்தேன். "சார் ஏன் கத்தறார்?" என்று மயூர் விஹாரிலிருந்து கேள்வி வந்தது. காலை ஐந்து மணிக்குத் தாமரையும் சூரியனுமாகக் குட்மார்னிங் கொட்டும். இந்தியர்களின் போன்கள் திணறி நின்றுபோவதற்கு இந்தக் குட்மார்னிங் படங்கள்தான் காரணம் என்று கூகுள் கண்டுபிடித்ததாக 2018ல் செய்தி வந்தது. அந்தச் செய்தியும் எங்கள் குழுவில் தாமரைப் படத்தோடு வந்தது. அட்மின் சார் உடனே சர்க்குலர் போட்டார்: ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு வணக்கம்தான்.

முனிர்கா மாமி எழுதினார்: "மாமா, கார்த்தால அஞ்சு மணிக்கு நான் போடலேன்னா நீங்களே போன் பண்ணி உயிரோட இருக்கியான்னு கேப்பேளே?"

அட்மின் சார் சர்க்குலரை வாபஸ் வாங்கினார்.

2021 ஏப்ரலில் அந்தத் தாமரைகள் நின்றன. தில்லியில் ஆக்சிஜனுக்கு அலைந்த அந்த வாரங்களில் குழுவில் வந்ததெல்லாம் போன் எண்கள்தான். எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை, யாரிடம் சிலிண்டர், எந்த எண் பொய். கைநடுங்குகிற எழுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் அத்தனை எண்ணையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்து, 'சரிபார்த்தது, இரவு 2.10' என்று குறித்துக் குறித்து அனுப்பினார். தணிக்கைத் துறையில் இருந்தவர். எங்கள் குழுவில் இன்னும் ஐந்து எண்களை யாரும் நீக்கவில்லை. அட்மின் சாருக்கு நீக்கத் தெரியும்.

அவருக்குத்தான் போன வருஷம் 'டிஜிட்டல் அரெஸ்ட்' அழைப்பு வந்தது, அந்தத் தணிக்கைக்காரருக்கு. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரித்தாரே, அதே வித்தை. வீடியோவில் போலீஸ் உடுப்பு. உங்கள் பெயரில் பார்சல், போதை மருந்து, அறையை விட்டு நகரக் கூடாது. இவர் நகரவில்லை. காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு, கோப்பு எண் என்ன, எந்தச் சட்டப் பிரிவு, ஒப்புதல் அளித்த அதிகாரியின் பதவி என்ன, ஆணையின் நகல் எப்போது தபாலில் வரும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். நாற்பது நிமிஷம். கடைசியில் அந்தப் பக்கம்தான் போனை வைத்தது. அதன் பிறகும் விடாமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐக் கூப்பிட்டுப் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குழுவில் போட்டார்.

என் குற்றச்சாட்டு வேறு மாதிரி. நவம்பர் மாதம் பிறந்தால் பென்ஷன்காரன் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் வங்கியில் போய் நிற்பது. மேனேஜர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' வந்தது. விரல் ரேகையை வைத்தால் போதும். காலனிக் கடைப் பையனிடம் போனேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், ஒவ்வொன்றாக வைத்து, துடைத்து, எலுமிச்சைத் தோலால் தேய்த்து வைத்து, எதுவும் ஏறவில்லை. "அங்கிள், ரேகை கிஸ் கயா" என்றான். தேய்ந்துவிட்டது. சர்க்காருக்காக எத்தனை லட்சம் தட்டு தட்டிய விரல்கள்! கடைசியில் ஏறியது வலது சுண்டு விரல். செமிகோலனுக்கு அவ்வளவாக வேலை இருந்ததில்லை. 2021லிருந்து முகத்தைக் காட்டினாலே போதும் என்று ஆகிவிட்டது. கண்ணை இமைக்கச் சொல்கிறது. இமைக்கிறேன். உயிரோடிருக்கிறேன்.

பேத்தி வேலைக்காகப் பெங்களூரு போனபின் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோதுதான் விக்கிமூலத்தில் விழுந்தேன். நாட்டுடைமையான பழைய தமிழ் நூல்களை ஒளிவருடி ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கம் படம், மறு பக்கம் மெஷின் படித்த எழுத்து. மெஷினின் தமிழ் நம் அதிகாரிகளின் தமிழ் மாதிரி, பாதி சரி. பிழை பார்த்து முடித்தால் பக்கம் மஞ்சளாகும். இன்னொருவர் வந்து மறுபடி பார்த்தால்தான் பச்சை. தன் பக்கத்தைத் தானே பச்சையாக்க முடியாது. இந்த விதியைப் படித்ததும் கோட்டயத்துக்காரர் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நாற்பது வருஷம் தில்லியில் தமிழில் ஓர் எழுத்து நான் தட்டியதில்லை. எ-கலப்பை போட்டுக்கொண்டு, இங்கிலீஷ் விசையைத் தட்டினால் தமிழ் விழுகிறது. விரல் அதே ஏ எஸ் டி எஃப்தான். ஒரு பழைய கட்டுரைத் தொகுப்பில் நாளுக்கு ஐந்து பக்கம் என்று போனேன். இரண்டு வாரம் எல்லாம் மஞ்சள். பிறகு ஒரு காலையில் வரிசையாகப் பச்சை. யாரோ, புனைபெயர் மட்டும்தான், ராத்திரி உட்கார்ந்து பார்த்திருக்கிறார். என் பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது.

"ஐயா, பக்கம் 43இல் 'ல்9ஓ5-ஆம் ஆண்டு' என்று இருந்ததை 1905 எனத் திருத்தியுள்ளேன். எந்த ஊர் இன்ஸ்டிட்யூட்?"

இங்கிலீஷில் அடிக்கும்போதெல்லாம் விழிப்பாகத்தான் இருந்தேன். தமிழ் என்றதும் விரல் கும்பகோணத்துக்கு ஓடிவிட்டிருக்கிறது. எல் தட்டினால் ல், ஓ தட்டினால் ஓ. இதைப் பார்த்து 1905 என்று புரிந்துகொள்ள வேறு யாரால் முடியும்?

"கும்பகோணம். ரெமிங்டன். தாங்கள்?" என்று அடித்தேன்.

மறுநாள் பதில்: "திருச்சி. ஹையர், ஃபர்ஸ்ட் கிளாஸ். எங்கள் மெஷினில் பூஜ்யம் இருந்தது."

அந்த வாரம் முழுக்க அவருடைய மஞ்சள் பக்கங்களை நான் பார்த்துக்கொடுத்தேன். சுத்தமான வேலை. பதினேழாம் பக்கத்தில் மட்டும் ஓரிடத்தில் 'ல்897' என்று இருந்தது. திருத்தினேன். குறிப்பு எதுவும் எழுதவில்லை.